மயிலுக்கு எத்தனை படிங்க மாப்ளே?

வாங்க மாப்ளே, உக்காருங்க. சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து உக்காந்து முதுகு நோவுதுன்னு, பல்லடத்துக்குக் கெழக்க உங்கப்பாரு உட்டுட்டுப் போன மேட்டாங்காட்டுல வெள்ளாமை பண்றதுன்னு முடிவு பண்ணிப்போட்டீங்களாமா. நெம்ப சந்தோசமுங்க. முதுகு நோவுக்கு இதைவிடத் தோதான வைத்தியம் கெடையாது. நோவு முதுகை உட்டுப்போட்டு மேல ஏறித் தலைக்கு வந்துரும். அப்பறம் முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போயிரும்.

வெதைகூட வாங்கியாச்சுன்னு தங்கச்சி சொல்லுச்சு. பை நாலாமா. காட்டுக்குள்ள இன்னும் கால் வெக்கலீன்னும் அதேதான் சொல்லுச்சு. அதுவுஞ் செரிதான். காட்டைப் பாத்துப்போட்டுக் கடைக்குப் போனா மனசு மாறிப் போயிரும். முன்னாலயே வாங்கீட்டா கடைக்காரனாச்சும் பொழைப்பான். அந்தப் பையை இப்படிக் கொடுங்க, பாக்கலாம். அடேங்கப்பா! கருது என்ற மொழங்கை தண்டிக்கு நிக்குதே! இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறன். படத்தோட ஓரத்துல, பயிருக்கு அடியில, கறுப்பா ஒண்ணு நீளமா ஓடுது பாருங்க. பாம்பில்லீங்க, சொட்டுநீர்க் கொழாய். உங்க காட்டுல அது எங்க போட்டிருக்கறீங்க? கெணறு வத்தி மூடுனது உங்கப்பாரு காலத்துல. போர் போட்டுப் பொகையா வந்தது உங்கப்பன் காலத்துல. இப்ப உங்க காலம். உங்களுக்குன்னு மிச்சமிருக்கறது மானம் ஒண்ணுதான், மேல இருக்கற மானத்தைச் சொல்றனுங்க.

நல்ல வருசத்துக்கு வெதை பாத்து வாங்கோணுமுன்னே இல்லீங்க மாப்ளே. மழை மாசம் மூணு பேஞ்சா, சந்தையில கோழித் தீவனத்துக்கு விக்கற சோளத்தை வாங்கி வெதைச்சாலும் வெளையும். வெதை பாக்கறது எல்லாம் கெட்ட வருசத்துக்கு. நம்ம பக்கம் அது வராத வருசத்தைத்தான் தேடோணும். கடைக்காரங்கிட்டப் போனா, "ஏக்கராவுக்கு எத்தனை மூட்டை வரும்?"னு கேக்கறீங்க. அவனுஞ் சொல்றான், பாவம், சொல்றதுக்கு அவனுக்குக் காசா பணமா? "மழை ஒண்ணு தப்பிப்போனா எத்தனை படி மிஞ்சும்?"னு கேட்டுப் பாருங்க. போன் வந்த மாதிரி எந்திரிச்சு வெளிய போயிருவான்.

ஆடிப்பட்டம் தேடி வெதைக்கோணுமுன்னு பழமொழியே இருக்குதேங்கறீங்க. இருக்குது. அதைச் சொன்ன ஆளு பல்லடத்துக்காரருன்னு யாருங்க சொன்னது? பாலக்காட்டுக் கணவாய் சுமாரா 30 கிலோமீட்டர் அகலம். ஆடி மாசத்துல அதுக்குள்ள பூந்து வர்ற காத்து, மழையெல்லாம் மலையாளத்துலயே எறக்கிப்போட்டு, நம்மளுக்கு மண்ணை வாரி மூஞ்சில அடிக்கறதுக்குன்னே வருது. மலையடிவாரத்துல இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் சாரல் சிந்தும். அவங்க ஆடியில வெதைக்கட்டும். கெணத்துல தண்ணி இருக்கறவங்களும் வெதைக்கட்டும். பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கத்து வெறுங்காட்டுக்காரன் ஆடியில வெதைச்சா, வெதை மொளைக்காது, பறக்கும். இந்தக் காத்தோட குணம் தெரிஞ்ச ஒருத்தன்தான் அதை நம்பி மொதல் போட்டான். கேத்தனூர், பூளவாடின்னு ஊரு ஊருக்கு நிக்குதே காத்தாடி, அந்தக் கம்பெனிக்காரன். அவனுக்கு மட்டும் ஆடிப்பட்டம் ஒரு வருசமும் பொய்ச்சதே இல்லீங்க.

நம்ம கோயமுத்தூர்ச் சீமைக்கு வருசத்துக்கே 700 மில்லிமீட்டருக்குக் கிட்டத்தான் மழை. கெழக்க போகப் போக அதுவுங் கொறையும். அதுல பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில எறங்கறது. அதனால நம்ம பட்டம் புரட்டாசிங்க. ஒரு பழமொழிய நம்பி ரெண்டு மாசம் முன்னாலயே வெதைக்கற ஆளைப் பாத்தா எறும்புக்குத்தான் கொண்டாட்டம்.

அத்திக்கடவுத் தண்ணி வந்திருச்சேங்கறீங்களா? வந்திருச்சுங்க. 2024 ஆகஸ்டுல தொறந்து வெச்சாங்க. பவானியாத்து உபரித் தண்ணி 1,045 குளங்குட்டைக்குப் போறாப்புல கொழாய் போட்டிருக்கறாங்க. அதைக் கேட்டு வாங்கறதுக்கே எங்க தலைமுறை பாதி ஆயுசை மறியல்லயும் மனுவுலயும் போக்குச்சு. ஆனா அந்தத் தண்ணி போறது குளத்துக்கு. குளம் நெறைஞ்சு, நெலத்தடி ஊறி, பக்கத்துக் கெணத்துக்கு வரும். மேட்டுல இருக்கற உங்க காட்டுக்கு அது ஏறி வாரதுக்குள்ள உங்க பேரனும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து முதுகு நோவுதும்பான்.

செரி, வெதைப்பையத் திண்ணையிலயே வெச்சுப்போட்டு, மம்மட்டிய எடுங்க. மேட்டுல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பள்ளத்துல ஒண்ணுன்னு மூணு குழி. மொழ ஆழம் தோண்டுங்க. ஜிம்முக்குக் கட்டற காசும் மிச்சம். மேட்டுல சாண் ஆழம் போறதுக்குள்ள மம்மட்டி 'ணங்'குன்னு சத்தம் போடும். வெள்ளை வெள்ளையா சுக்காங்கல்லு. அதுக்கு மேல இருக்கற செவ்வல் மண்ணுதான் உங்க மொதலு. மண்ணை ஆராயறவங்க நம்மூரு மண்ணுக்குப் பல்லடம் வகை, இருகூர் வகைன்னு பேரே வெச்சிருக்கறாங்க. கரிசல்ல பீளமேடு வகைன்னு ஒண்ணு. பீளமேட்டுக் கரிசல் மேல இப்ப விமான நெலையமும் காலேஜும் வெளையுது. நம்ம ஊருக்குப் புத்தகத்துல எடங் கெடைச்சுது, காட்டுக்கு ஆழங் கெடைக்கல.

ஆழம் எதுக்குன்னு கேக்கறீங்க. சாண் மண்ணு புடிச்சு வெக்கற ஈரம், வெயிலடிச்சா எத்தனை நாளைக்குங்க தாங்கும்? அந்த மண்ணுல 130 நாள் பயிரைக் கொண்டுவந்து நட்டு, "வளருடா ராசா"ன்னா, அது பூ வைக்கற நேரத்துக்கு மழை ஊருக்குப் போயிருக்கும். அதனால வெதைப்பையில மொதல்ல பாக்க வேண்டியது படமில்ல, நாள். புரட்டாசிக் கடைசியில வெதைச்சா, கார்த்திகையோட மழை நின்னு போகுது. மார்கழிப் பனி கொஞ்சம் கைகொடுக்கும். விரலை மடக்கி எண்ணிப் பாருங்க. நூறு நாளைச் சுத்தி முடிக்கற பயிருதான் அங்க பொழைக்கும். கோயில்பட்டி ஆராய்ச்சி நெலையத்துல 1901லருந்து மானாவாரிக்கே உக்காந்து வேலை பாக்கறாங்க. அவங்க 2015ல உட்ட கே 12 சோளம் 95 நாள் வாக்குல முடியும். நம்ம லாலி ரோட்டு வேளாண்மை யுனிவர்சிட்டியில 2020ல உட்ட கோ 32, தானியமும் தரும், தட்டும் தரும். பத்து நாள் கூடப் புடிக்கும். பள்ளத்துல மண்ணு ஆழமா இருந்தா அதுக்கு ஆகும். மேட்டுக்கு முன்னதைப் போடுங்க. ஒரே காட்டுக்கு ரெண்டு வெதையான்னு சிரிக்காதீங்க. உங்க ஆபீசுல ஏசி எல்லாத்துக்கும் ஒரே குளிரா இருக்கறதாலதான பாதிப்பேரு சொட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கறீங்க?

தட்டுன்னு சொன்னதும் மூஞ்சி ஒரு மாதிரியாப் போகுது. சோளம் வெதைக்கறது சோத்துக்குன்னு நெனைச்சுட்டீங்களாட்ட இருக்குது. சோளச்சோறு இப்ப எங்களுக்கு இல்லீங்க, உங்களுக்கு. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய வருசமுன்னு ஐ.நா. அறிவிச்சதுக்கப்பறம் சரவணம்பட்டியிலதான் சோள தோசை விக்குது, அதுவும் என்ன வெலைக்கு! கொங்குக் காட்டுல சோளம் நிக்கறது மாட்டுக்காக. தட்டுப்போர் இருக்கற ஊட்டுக்குக் கோடையில கவலையில்ல. 1964ல நாட்டுக்கே மொதல் வீரியச் சோளமுன்னு சி.எஸ்.ஹெச். 1 வந்துச்சு. கருது கனமாத்தான் இருந்துச்சு. ஆனா பயிரு கட்டை. அதிகாரிங்க மூட்டைய எண்ணிச் சந்தோசப்பட்டாங்க, மாடு தட்டை மோந்து பாத்துப்போட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு. மாட்டைக் கேக்காம சோள வெதை வாங்கற ஆளு, சம்சாரத்தைக் கேக்காம ஊடு கட்டற ஆளு, ரெண்டும் ஒண்ணுதானுங்க.

இன்னொண்ணு. வீரியச் சோளத்துல எடுத்த தானியத்தை அடுத்த வருசம் வெதைச்சா, நெட்டை குட்டையா அண்ணந்தம்பி சொத்துப் பிரிச்ச கணக்கா வரும். வருசா வருசம் கடைக்கே போகோணும். ரகமுன்னா நல்ல கருதா பாத்து எடுத்து வெச்சுக்கலாம், மூணு நாலு வருசம் ஓட்டலாம். எங்காயா காலத்துல காட்டு நடுவுல நின்ன கருதாத் தேடி அறுத்து, காய வெச்சு, சாம்பல் கலந்து பானையில போட்டு வெப்பாங்க. வரப்போரத்துக் கருது எவ்வளவு பெருசா இருந்தாலும் தொட மாட்டாங்க, பக்கத்துக் காட்டு மகரந்தம் விழுந்திருக்கும். அது போக, வரப்போரத்துப் பயிருக்கு ஈரமும் வெளிச்சமும் எச்சு, கருது பெருசானதுல அதோட சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல. ஆயா காலேஜுக்குப் போனதில்லீங்க. 1868ல சைதாப்பேட்டையில வேளாண்மைப் பள்ளிக்கூடமா ஆரம்பிச்ச காலேஜு 1906ல நம்மூருக்கே வந்துருச்சு, ஆயா போகலீன்னு.

வெதை யாருக்கு வேண்டிங்கற கேள்வியப் பருத்தியில பாத்தா இன்னும் வெளங்கும். இந்தச் சீமையில உப்பம், கருங்கண்ணின்னு மானாவாரிப் பருத்தி இருந்துச்சு. இழை கட்டை, ஆனா வறட்டுக் காட்டுலயும் தாங்கி நிக்கும். 1888ல ஸ்டேன்ஸ் மில்லு வந்து, அதுக்கப்பறம் மில்லு மேல மில்லா வந்துச்சு. மில்லுக்கு நீள இழை வேணும். 1900த்தோட தொடக்கத்துல கம்போடியாப் பருத்தி வந்து சேந்துச்சு. அதுக்குக் கெணத்துத் தண்ணி வேணும். கூடவே பூச்சியும் வந்துச்சு. 1919ல சட்டம் போட்டு, பருத்திமாரைக் காலத்துல புடுங்கிப் போடுன்னு சர்க்கார் காட்டுக்குள்ள எறங்குச்சு. மில்லுக்காரரு சம்பாதிச்சாரு, கெணறு இருந்தவரும் சம்பாதிச்சாரு, வெறுங்காட்டுக்காரர் அவங்க ரெண்டு பேரையும் வேடிக்கை பாத்தாரு. இப்ப 2002லருந்து பி.டி. பருத்தி. ஏக்கராவுக்கு 450 கிராம் பையின்னு எண்ணிக் கொடுத்தாங்க. சாண் மண்ணுல, மழைய நம்பி, அந்த வெலைக்கு வெதை வாங்கிப் போடறவரை நான் தடுக்க மாட்டனுங்க. தைரியசாலிகளைத் தடுக்கறது பாவம்.

சோளத்துக்கே வாரேன். கண்ணபுரத்துத் தாவணியில ஒரு காளைக்கன்னு வாங்கறதுன்னா என்ன பண்ணுவோம்? வாயப் பொளந்து பல்லைப் பாப்போம், சுழி பாப்போம், நாலு தப்படி நடக்கவுட்டுக் கொளம்பைப் பாப்போம், துண்டுக்குள்ள கைய உட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசுவோம். இத்தனையும் பண்ற மனுசன் வெதைக்கடையில போய் நின்னா, "பில்லு வேண்டாங்க, பத்து ரூவா கொறைச்சுக்குங்க"ங்கறான். பில்லுல ரகத்தோட பேரும் குவியல் நம்பரும் இருந்தாத்தான் மொளைக்காதப்ப கேக்கறதுக்கு வாய் இருக்கும். பத்து ரூவாயில அந்த வாயையும் சேத்து வித்துப்போட்டு வந்துருவான்.

பையில தைச்சிருக்கற அட்டையோட நெறத்தைப் பாருங்க மாப்ளே. மஞ்சளுன்னா வல்லுநர் வெதை, வெள்ளைன்னா ஆதார வெதை, நீலமுன்னா சான்று வெதை. பச்சையா இருந்தா உண்மைநெலை வெதை. அதாவது, "நல்ல வெதைதான்"னு விக்கறவரே தன் வாயால சொல்லிக்கறது. சொந்தப் பையனுக்கு நடத்தைச் சான்று எழுதற கணக்குத்தான். பொய்யுன்னு சொல்லலீங்க, தகப்பன் எழுதுனதுன்னு தெரிஞ்சுட்டுப் படிக்கோணும். சான்றுக்குக் காலக்கெடு உண்டு, சோதிச்ச நாள்லருந்து 9 மாசம். தேதியப் படிங்க. சோளத்துக்குக் கொறைஞ்சது நூத்துக்கு 75 மொளைக்கோணும், நெலக்கடலைக்கு 70, கொண்டைக்கடலைக்கு 85. இதெல்லாம் 1966ஆம் வருசத்து வெதைச் சட்டத்தோட வழிவந்த கணக்கு. மாநிலம் பூராத்துக்கும் வெதைச்சான்று கொடுக்கற துறைக்குத் தலைமை ஆபீசு எங்கிருக்குதுங்கறீங்க? சென்னையில இல்லீங்க, நம்ம தடாகம் ரோட்டுல. ஊட்டுல இருந்து வண்டியில போற தூரம். அங்க போகாம எல்லாரும் கூகுளுக்குப் போறாங்க.

அதுவும் வேண்டாம், ஊட்டுலயே பாத்துரலாம். பைக்கு நடுவுல, அடியில, மேலன்னு கைய உட்டுக் கலந்து எடுத்து, நூறு வெதைய எண்ணுங்க. பொறுக்கி எடுக்காதீங்க, கண்ணை மூடிட்டு எண்ணுங்க. கோணிச்சாக்கை நனைச்சுப் புழிஞ்சு, மேல வரிசையா அடுக்கி, பாய் சுருட்டறாப்புல சுருட்டி, நெழல்ல சாச்சு வெச்சு, காயாம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க. நாலு நாளு போவட்டும். பிரிச்சுப் பாக்கறப்பத்தான் அவசரப்படுவீங்க, எனக்குத் தெரியும். வெள்ளையா எது நீட்டிட்டு இருந்தாலும் மொளைச்சுதுன்னு எண்ணிப்போடுவீங்க. வேரு மட்டும் வந்து குருத்து வராதது கணக்குல சேராது. குருத்து வந்து வேரு நுனி பழுப்பாக் கருகுனது சேராது. வேரும் குருத்தும் நேரா, தடிமனா இருக்கறதை மட்டும் எண்ணுங்க. பூசணம் புடிச்சு வழுவழுன்னு இருக்கறதைத் தொட்டுட்டுக் கைகழுவாம என்ற தோளுல கை போடாதீங்க. எழுபத்தஞ்சுக்கு மேல வந்தா வெதை. அறுபது வந்தா வெதையளவைக் கூட்டிப் போடலாம். நாப்பது வந்தா கோழி இருக்குது. மருந்து கலக்காத வெதையா இருந்தா மட்டுந்தான், அதைப் பத்திக் கடைசியில சொல்றன்.

இப்பக் கணக்கு. மானாவாரிக்கு ஏக்கராவுக்கு 6 கிலோ வெதைங்கறாங்க. ஆயிரம் வெதை 25, 30 கிராமுக்குள்ள நிறுக்கும். அப்படின்னா 6 கிலோவுல 2 லட்சத்துக்கு மேல வெதை இருக்குது. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15ன்னு நிக்க வெச்சா ஏக்கராவுக்கு வேண்டியது சுமாரு 60,000 பயிரு. கம்ப்யூட்டர்க்காரரே, மிச்சம் ஒண்ணரை லட்சம் எங்க போகுது? நாலுல ஒரு பங்கு மொளைக்காது, செரி. அதுக்கப்பறமும் லட்சம் இருக்குதே? அதெல்லாம் பங்காளிகளுக்கு. எறும்பு வெதையை இழுத்துட்டுப் போகும். புறாவும் மைனாவும் காலங்காத்தால வந்துரும். குருத்து ஈ வந்து முட்டை வெச்சா நடுக்குருத்துக் காஞ்சு, இழுத்தாக் கையோட வரும். மொதல் ஒரு மாசத்துல அதுதான் எமன். பட்டத்துக்குப் பிந்தி வெதைச்சவன் காட்டுல அதுக்கு விருந்து. அதுக்குக் கருவாட்டுப் பொறி வெக்கச் சொல்றாங்க, ஏக்கராவுக்கு அஞ்சு, 30 நாளைக்கு. வெச்சுப் பாருங்க. ஈ வருதோ இல்லியோ, ஊருல இருக்கற பூனை பூராவும் உங்க காட்டுக்குக் காவல் வந்துரும்.

அப்பறம் மயிலு. உங்கப்பாரு காலத்துல மயிலைப் பாக்கோணுமுன்னா பழனிக்குப் போகோணும். இப்ப இட்டேரியில கோழியாட்டம் திரியுது. வெதைச்ச சாலு மேலயே நடந்து வந்து, மொளையப் புடுங்கி, அடியில ஒட்டியிருக்கற வெதைய மட்டும் தின்னுபோட்டுக் குருத்தைத் துப்பிப்போட்டுப் போகும். வெரட்டலாம், தொடக்கூடாது. 1963லருந்து தேசியப் பறவை. 1972ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டத்துல மொதல் அட்டவணை. போதாததுக்கு முருகன் வாகனம். மூணு பக்கமும் செல்வாக்கு இருக்கற பங்காளிகூட வழக்காடி ஜெயிச்ச ஆளை நான் பாத்ததில்லீங்க. ஏக்கராவுக்கு ஒரு படி மயிலுக்குன்னு மனசுல எழுதி வெச்சுருங்க. எழுதாட்டியும் அது எடுத்துக்கும்.

மழைக்கு முன்னாலயே காஞ்ச மண்ணுல வெதைக்கறதா, மழை பேஞ்சதுக்கு அப்பறமாங்கறது எங்களுக்குள்ளயே தீராத வழக்கு. முன்னால வெதைக்கறதுன்னா ரெண்டு விரக்கடை ஆழத்துக்கு, அதாவது 5 சென்டிமீட்டருக்குப் போகோணும். அப்பத்தான் தூறலுக்கு ஏமாந்து மொளைக்காம, 20 மில்லிமீட்டருக்கு மேல நல்ல மழை எறங்குனதும் எந்திரிக்கும். மேலாப்பல கெடந்த வெதை, ஒரு தூறலுக்கு மொளைச்சு, அடுத்த நாலு நாள் வெயில்ல கருகீரும். இதுக்கு வெதையப் பழக்கி வெக்கோணும். லிட்டர் தண்ணிக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைக் கரைச்சு, 6 மணி நேரம் வெதைய ஊற வெச்சு, நெழல்ல பழையபடி காய வெக்கறது. வெதையைக் கடினப்படுத்தறதுன்னு பேரு. கஷ்டம் எப்படி இருக்குமுன்னு வெதைக்கு முன்கூட்டியே காட்டிப்போட்டுக் காட்டுக்கு அனுப்பறது. உங்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு யாரும் பண்ணலீன்னுதான் நான் இத்தனை பேசறேன். காய வெக்கறது நெழல்லங்க. வெயில்ல போட்டுப்போட்டுப் போனைப் பாத்துட்டு உக்காந்தா வெதை வறுபட்டுரும்.

மழை பேஞ்சு வெதைக்கறதுன்னா, வாசல்ல தண்ணி ஓடறதைப் பாத்து டிராக்டர்க்காரனுக்குப் போன் போடாதீங்க. வாசலு சிமிட்டி, காடு மண்ணு. அந்தக் குழி மூணுலயும் மறுபடியும் மம்மட்டியப் போடுங்க. மேல இருந்து எறங்குன ஈரம், அடியில கோடை உழவுல சேந்த ஈரத்தைத் தொட்டுருக்கோணும். நடுவுல வெரக்கடை காஞ்ச மண்ணு வெளுப்பாத் தெரிஞ்சா, பொறுங்க. மண்ணை அள்ளிப் புடிச்சா உருண்டையா நிக்கோணும், கையில ஒட்டக்கூடாது, தட்டுனா உதிரோணும். சித்திரையில பேஞ்ச மழைக்கு உழுது போட்டிருந்தீங்கன்னா அடியில ஈரம் இருக்கும். உழலியா? அப்பச் செரி, இந்த வருசம் மயிலுக்கு ஒரு படி சேத்தியே எழுதிக்குங்க.

ஒன்பது கலப்பைக்காரனைக் கூப்பிட்டு, வெதையக் கையால வீசிப்போட்டு, மேல ஓட்டியுடுன்னா கால் மணியில முடிச்சுக் குடுப்பான். பாதி வெதை அரை விரக்கடைக்கு மேல, மீதி ஒரு சாணுக்குக் கீழ. தட்டுக்கு நெருக்கி வெதைக்கறதுன்னா அது பரவால்ல. கருதுக்குன்னா சால்ல போடோணும். வெதைப்புக் கருவி வேளாண்மைத் துறையில வாடகைக்குக் கெடைக்கும். வெதைச்சதும் வெள்வேலா முள்ளை வெட்டி, மேல கல்லு வெச்சு, காட்டுல இழுத்துட்டுப் போங்க, வெதை மூடிக்கும். செவ்வல் மண்ணு மழைக்கு அப்பறம் வெயிலடிச்சா பொருக்குக் கட்டும். மொளை அதை முட்டி முட்டி, வெளிய வர முடியாம உள்ளயே சுருண்டுக்கும். மூணாம் நாளு, நாலாம் நாளு அதே முள்ளை லேசா இழுத்துப் பொருக்கை உடைச்சு விடுங்க. ஒரு வருசத்து வெள்ளாமை அந்த ஒரு நாளு வேலையில நிக்கும். அன்னைக்குன்னு பாத்து உங்களுக்கு ஆபீசுல மீட்டிங் இருக்கும், அதுவும் தெரியும்.

ஆறு ஏக்கராவையும் ஒரே மழைக்கு ஒட்டுக்கா வெதைக்காதீங்க. பள்ளத்துல கருதுச் சோளம், நாலு வரிசைக்கு நடுவுல ஒரு வரிசை தட்டைப்பயிறு. அதுக்கு மேல தட்டுச் சோளம். மேட்டு உச்சியில இருக்கற ரெண்டு ஏக்கராவை மட்டும் சும்மா போட்டு வையுங்க. ஊருல சிரிப்பாங்க, சிரிக்கட்டும். ஐப்பசியில மழை பிந்தி வந்துச்சோ, அதுக்குக் கொள்ளு இருக்குது. ஏக்கராவுக்கு 8 கிலோ. கிருஷ்ணகிரிப் பக்கம் பையூர் ஆராய்ச்சி நெலையத்துல இருந்து 1998ல வந்த பையூர் 2 நல்லா வரும். கொள்ளு மாதிரி மானம் பாக்காத பயிரு கெடையாது, எங்க போட்டாலும், எப்பப் போட்டாலும், மொனகாம மொளைக்கும். கொள்ளுப் பருப்பும் ரசமும் இல்லாத கொங்குச் சமையக்கட்டு எது? கொண்டைக்கடலை போடலாமான்னு கேக்காதீங்க. அது குடிமங்கலம், பெதப்பம்பட்டிக் கரிசல்காரங்க சமாச்சாரம். அங்க மண்ணு ஆழம், பனியிலயே வெளையும். உங்க சுக்காங்கல்லுல கடலை போட்டா, கடலையும் கல்லும் ஒரே சைசா வரும்.

பயிரு முட்டிக்கால் ஒசரம் வந்ததும் பச்சப்பசேலுன்னு இருக்குதேன்னு மாட்டை உள்ள உட்டுராதீங்க. இளஞ்சோளத்துல விசம் இருக்குது, மழை இல்லாம வாடுன பயிர்ல இன்னும் எச்சு. வயிறு முட்டத் தின்ன மாடு காட்டுலயே சாஞ்சுரும், டாக்டர் வர்ற வரைக்குந் தாங்காது. ஒண்ணரை மாசம் போகட்டும். அறுத்ததுக்கு அப்பறம் கட்டையில தளிர்க்கறதுக்கும் அதே கதைதான். சோளத்தோட காலுல செவப்பாவோ வெள்ளையாவோ குட்டியா பூத்துட்டு ஒரு செடி நின்னா, அழகா இருக்குதுன்னு போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வெக்காதீங்க; அது சுடுமல்லி. சோளத்தோட வேருலயே வாயை வெச்சு உறிஞ்சறது. பூத்து வெதை விழறதுக்கு முன்னால புடுங்கி எரிச்சுருங்க, ஒருக்கா வெதை விழுந்தா வருசக்கணக்குல மண்ணுக்குள்ள காத்திருக்கும்.

பத்தாம் நாளு வந்து சால்ல குனிஞ்சு பாருங்க. எடைவெளி விழுந்த எடத்துல ஈரமிருக்கறப்பவே ரெண்டு வெதைய ஊனி விடுங்க. நெருக்கமா இருக்கறதைக் களைச்சு விடுங்க, குருத்துக் காஞ்சதா பாத்துப் புடுங்கறதுக்கு அதுதான் நேரம். களையெடுக்கற சமாச்சாரம் அப்பறம் பேசிக்கலாம், ஆளு கெடைக்கறதைப் பொறுத்தது அது.

மீதி வெதை கொஞ்சம் பையில நிக்கும். அது செவப்பாவோ ஊதாவாவோ இருந்தா மருந்து கலந்ததுன்னு அர்த்தம். ஊட்டுக்குள்ள வெக்காதீங்க, மாவரைக்கற தானியத்தோட சேத்தாதீங்க, முக்கியமா கோழிக்கு வீசீராதீங்க. மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை நான் உங்கூட்டுக்கு வர்றவன். தங்கச்சி நாட்டுக்கோழிக் கொழம்பு வெச்சா ஈரலை எனக்குன்னு எடுத்து வெக்கும். அதுல மருந்து கிருந்து ஏறியிருந்தா, அடுத்த வருசம் உங்களுக்கு யோசனை சொல்றக்கு ஆளிருக்காது மாப்ளே.